இயலாமையும் இல்லாமையும்

(கழகத்தின் வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



வெள்ளி விழா என்றால் மாலையும் மேளமும் பாராட்டும் இருக்கும். இருபத்தைந்து ஆண்டுகளில் இக்கழகம் ஏற்றி வைத்த விளக்குகளை எண்ணிப் பெருமை கொள்ள நமக்கு உரிமையும் உண்டு. ஆயினும் விழாக் குழுவினர் எம்மை அழைத்தபோது, "புகழுரை வேண்டா, நம் மக்களுக்குப் பயன்படும் பொருள் ஒன்றைப் பேசுங்கள்" என்று கேட்டுக்கொண்டனர். எனவே, உடற்குறையாலோ நோயாலோ வேலை இழந்தவர்க்கும், வேலை கிடைக்காதவர்க்கும், வேலையில்லாதோர் உதவித்தொகை பெறும் தகுதி உண்டா என்பதைப் பேச எடுத்துக்கொண்டோம். கேட்பதற்குச் சிறு பொருளாகத் தோன்றும். ஆனால் நம் தெருக்களில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு எரிவதும் அணைவதும் இந்தச் சிறு பொருளைப் பொறுத்திருக்கின்றன. யாம் இதனைக் கற்றது நூல்களிலிருந்தன்று. எம் கையால் செய்த ஒரு பிழையிலிருந்து. ஆகவே அப்பிழையைச் சொல்லியே தொடங்குகின்றோம்.

எழுதிக் கொடுத்த ஒரு வரி

பத்தாண்டுகளுக்கு முன்பு நிகழ்ந்தது இது. எம் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை பயின்று, பக்கத்து ஊர் மேனிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய மாணவர் ஒருவர், மேற்படிப்புக்குப் பணமின்றி நெல் அரவை ஆலை ஒன்றில் கூலிக்குச் சேர்ந்தார். தாய் நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்பவர், தந்தை இல்லை. ஆலையில் ஒரு நாள் ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டில் சட்டைக் கை சிக்கி, வலக் கை மணிக்கட்டோடு போயிற்று. ஆலைக்காரர் மருத்துவச் செலவுக்கு ஒரு தொகை கொடுத்தார். ஒரு தாளில் பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டார். விபத்துக்குள்ளான தொழிலாளிக்கு இழப்பீடு கேட்க 1923ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டதையும், இரண்டாண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று அது கெடு விதித்திருந்ததையும் அத்தாய் அறியார். யாமும் அன்று அறியோம். கெடு கடந்தது.

பின்னர் அவர் எம்மிடம் வந்தார். "ஐயா, ஏதாவது உதவிப் பணம் கிடைக்குமாம், பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வேண்டும்" என்றார். மடித்துவிட்ட சட்டைக் கையைக் கண்டதும் எம் மனம் கலங்கியது. இரக்கத்தின் மிகுதியால், "இவர் எவ்வேலையும் செய்ய இயலாத நிலையில் உள்ளார்" என்று எழுதிக் கையொப்பமிட்டு முத்திரையும் வைத்துக் கொடுத்தோம். நன்மை செய்துவிட்டதாகவே எண்ணினோம்.

அக்கடிதத்தோடு அவர் வருவாய்த் துறை அலுவலகம் ஒன்றுக்குச் சென்றார். அங்கே அவர் விண்ணப்பித்தது மத்திய அரசின் ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டம். அதற்கு 80 சதவீத ஊனம் வேண்டும். அவருடைய மருத்துவச் சான்றிதழில் 60 சதவீதம் என்றிருந்தது. "நீர் வேலை செய்யக் கூடியவர், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் போய்க் கேளும்" என்று அனுப்பிவிட்டனர். அவர் அங்கும் சென்றார். அங்கிருந்த எழுத்தர் காகிதக் கட்டைப் பிரித்தார். மேலே இருந்தது எம் கடிதம். "எவ்வேலையும் செய்ய இயலாதவர் என்று உம் தலைமையாசிரியரே எழுதியிருக்கிறாரே! இது வேலை தேடுவோர்க்கான உதவி. வேலை செய்ய இயலாதவர்க்கு இங்கே என்ன வேலை?" என்றார்.

ஒரு வாயிலில் "உன்னால் முடியும், போ" என்றனர். மறு வாயிலில் "உன்னால் முடியாது, போ" என்றனர். இரண்டுக்கும் இடையில் ஓராண்டு கழிந்தது. மறு வாயிலைச் சாத்திய கை எம் கைதான் என்பதை அவர் வந்து சொல்லியபோதுதான் உணர்ந்தோம். அவர் குறையாகச் சொல்லவில்லை. "ஐயா, இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் மாற்றித் தர முடியுமா?" என்றுதான் கேட்டார். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

இருவேறு இடர்கள்

அன்றுமுதல் இப்பொருளைப் படிக்கத் தொடங்கினோம். படித்தறிந்த முதல் உண்மை இது: வேலையின்மை என்பது வேறு, வேலை செய்ய இயலாமை என்பது வேறு. வேலையில்லாதவன், உடலும் மனமும் ஒப்பியிருந்தும் வேலை கிடைக்காதவன். இயலாதவன், வேலை கதவைத் தட்டினாலும் எழுந்து செல்ல முடியாதவன். இருவர் வீட்டிலும் பசி ஒன்றே. ஆனால் சட்டம் இருவர்க்கும் தனித்தனி வாயில் வைத்திருக்கிறது.

இப்பிரிவு உலகெங்கும் உள்ளது. இங்கிலாந்தில் 1911ஆம் ஆண்டில் இயற்றிய தேசியக் காப்பீட்டுச் சட்டத்தில் நோய்க்கு ஒரு பகுதியும் வேலையின்மைக்கு ஒரு பகுதியும் வைத்தனர். வேலையின்மை உதவி பெறுவோர் வேலை செய்யும் திறனுடையவராகவும், தக்க வேலை கிடைக்காதவராகவும் இருத்தல் வேண்டும் என்பது அங்கே விதி. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1952ஆம் ஆண்டில் சமூகப் பாதுகாப்புக்கு வகுத்த 102ஆம் உடன்படிக்கையிலும் நோய், வேலையின்மை, முதுமை, தொழிற்காயம், இயலாமை என்பன தனித்தனிக் கிளைகளாக நிற்கின்றன.

நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 41ஆவது பிரிவைப் பாருங்கள். வேலை பெறவும், கல்வி பெறவும், வேலையின்மை, முதுமை, நோய், உடற்குறை ஆகியவற்றில் அரசின் உதவி பெறவும் உள்ள உரிமையை, தன் பொருளாதார ஆற்றலின் எல்லைக்குள் அரசு உறுதி செய்ய வேண்டும் என்று அது நெறிப்படுத்துகிறது. நான்கு இடர்களையும் தனித்தனியே பெயர் சொல்லி எழுதியிருப்பது கருதத்தக்கது. இந்நெறியை வைத்து மட்டும் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க இயலாது என்பது உண்மையே. எனினும் பின்வந்த திட்டங்கள் பலவற்றுக்கு இதுவே வேர்.

அண்ணல் அம்பேத்கரை அரசியலமைப்பின் சிற்பியாக நாம் அறிவோம். 1942 முதல் 1946 வரை அவர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தார் என்பதையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டும். தொழிலாளர்க்கான உடல்நலக் காப்பீடு பற்றிய அடார்க்கர் அறிக்கை 1944இல் வந்ததும், போரிலிருந்து மீண்ட வீரர்களுக்காக வேலைவாய்ப்பு அலுவலகங்கள் 1945இல் தொடங்கப்பட்டதும் அக்காலத்தில்தான். இயலாதவர்க்கான காப்பீட்டு வாயிலும், இல்லாதவர்க்கான வேலைவாய்ப்பு வாயிலும் அவர் துறை ஏற்றிருந்த நாளில் அடித்தளம் இடப்பட்டவை. அவ்வாயில்களின் முன்னே நம் பிள்ளை வழி தெரியாமல் நிற்பது நமக்கு அழகாகுமா?

ஊனம் வேறு, இயலாமை வேறு

இரண்டாவது உண்மை இதனினும் நுட்பமானது. ஊனம் உடையவர் அனைவரும் இயலாதவர் அல்லர். மருத்துவர் தரும் சதவீதம் உடலை அளக்கிறது, உழைப்பை அளப்பதில்லை. கால் ஒன்று இழந்த எழுத்தர் மறுநாளும் பேரேடு எழுதலாம். கால் ஒன்று இழந்த மரமேறிக்கு மறுநாள் பிழைப்பே இல்லை. சதவீதம் ஒன்றே, வாழ்வு வேறு.

உச்ச நீதிமன்றமே இதனை ஒரு வழக்கில் ஏற்றுக்கொண்டது. வேலையின்போது விபத்துக்குள்ளாகி இடக் கை முழங்கையோடு துண்டிக்கப்பட்ட தச்சர் ஒருவரின் இழப்பீட்டு வழக்கு அது. ஒரு கைதானே போயிற்று, ஊனம் ஒரு பகுதிதானே என்று முதலாளி தரப்பில் வாதிட்டனர். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய இயலாது. ஆகவே அவர் தொழிலைப் பொறுத்தவரை அது முழு இழப்பே என்ற முடிவை 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இதிலிருந்து கல்விக் கழகத்தார் கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. தலைமுறை தலைமுறையாக நம் மக்களுக்கு உடலே முதல், உடலே கருவி, உடலே நிலம். அவ்வுடலில் ஒரு விரல் போனாலும் குடும்பத்தின் நிலத்தில் ஒரு பங்கு போனதாகும். கல்வி பெற்றவனுக்கு வேறொரு முதல் கிடைக்கிறது. கை போனாலும் அது போவதில்லை. எம் மாணவர் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருந்தார். அரிசி மூட்டை தூக்க இயலாதவர்தாம். ஆனால் இடக் கையால் எழுதப் பழகிவிட்டிருந்தார். கணக்கு அவருக்கு நன்றாக வரும். அவரைப் போய் "எவ்வேலையும் செய்ய இயலாதவர்" என்று எழுதினோமே, அது பொய் என்பதை அவருடைய கணக்கு நோட்டு எம் மேசைமேல் கிடந்து சொல்லியது.

வாயில்கள் எவை?

இனி, நம் மாநிலத்தில் உள்ள வாயில்களை ஒவ்வொன்றாகச் சொல்லுகின்றோம்.

முதலாவது, வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாகத் தமிழ்நாடு அரசு தரும் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை. பொதுப் பிரிவில், பதிவு செய்து ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. வயது 40க்குள் இருக்க வேண்டும், ஆதிதிராவிடர் பழங்குடியினர்க்கு 45 வரை. பத்தாம் வகுப்புத் தவறியவர்க்கு மாதம் 200, தேறியவர்க்கு 300, மேனிலை தேறியவர்க்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய் என மூன்றாண்டு வழங்குவர்.

மாற்றுத்திறனாளிகளுக்கு இதே அலுவலகத்தில் தனிப் பிரிவு உண்டு. இதைத்தான் நம் மக்கள் அறியாதிருக்கின்றனர். பதிவு செய்து ஓராண்டு முடிந்தாற் போதும். குடும்ப வருமான வரம்பு இவர்களுக்கு இல்லை. பத்தாம் வகுப்பு வரை பயின்றவர்க்கு மாதம் 600, மேனிலைக் கல்விக்கு 750, பட்டத்துக்கு 1,000 ரூபாய் எனப் பத்தாண்டு வழங்கப்படும். ஆகவே, உடற்குறை உடையவர் வேலையில்லாதோர் உதவிக்குத் தகுதியற்றவர் என்பது தவறு. அவருக்கென்றே அதில் அகலமான வழி உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை: அவர் வேலையை நாடுபவராக இருக்க வேண்டும். வேலையிலோ சொந்தத் தொழிலிலோ இருத்தல் கூடாது. நாள்தோறும் கல்லூரி சென்று பயில்பவராக இருத்தல் கூடாது. அரசின் வேறு உதவித்தொகை பெறுபவராகவும் இருத்தல் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை இவற்றை உறுதிமொழியாக எழுதித் தர வேண்டும். வேலைவாய்ப்புப் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை தவறாது புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க மறந்து வரிசையை இழந்தோர் நம் ஊரிலேயே பலர். உதவித்தொகை பெறுவதால் பதிவு நீங்கிவிடும் என்று அஞ்ச வேண்டா. பதிவு பதிவாகவே நிற்கும்.

இவ்வுதவி கருணையால் மட்டும் வந்ததன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் 24ஆவது பிரிவில், சிறப்பு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து இரண்டாண்டுக்கு மேலாகியும் வேலை கிடைக்காதவர்க்கு வேலையின்மைப் படி வழங்கும் திட்டத்தை அரசின் கடமைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. பிறர்க்குள்ள அத்தகைய திட்டங்களைக் காட்டிலும் குறைந்தது 25 சதவீதம் மிகுதியாக உதவி இருக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது.

இரண்டாவது, உண்மையிலேயே உழைக்க இயலாதவர்க்கான வாயில். கடும் ஊனமுற்றோர்க்கு வருவாய்த் துறை வழியாக ஓய்வூதியம் உண்டு. மாநில அரசு மாற்றுத்திறனாளிகளுக்கு அத்துறை வழியே வழங்கும் தொகையை 2023 ஜனவரி முதல் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தியது. அறிவுசார் குறைபாடு, தசைச் சிதைவு, தொழுநோயின் பாதிப்பு, மிகக் கடும் உடல் ஊனம் ஆகியவற்றுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத் துறை வழியே பராமரிப்பு உதவித்தொகையும் உண்டு. படுக்கையில் கிடக்கும் பிள்ளையை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்யத் தூக்கிச் செல்லும் தாய்மார் இவ்வாயிலை நாட வேண்டும்.

மூன்றாவது, தொழிலாளர் அரசு ஈட்டுறுதி, அதாவது இ.எஸ்.ஐ. தோல் ஆலைகளிலும் பனியன் ஆலைகளிலும் நம் பெண்டிர் பலர் பணியாற்றுகின்றனர். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கப்படுகிறதா, பிடித்த பணம் கட்டப்படுகிறதா என்பதை மாதந்தோறும் பாருங்கள். நோயுற்றால் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. வேலையில் காயமுற்று ஓய்விலிருந்தால் 90 சதவீதம் என்பது அத்திட்டத்தின் முறை. 2005ஆம் ஆண்டில் அதனோடு வேலையின்மைப் படி ஒன்றும் சேர்க்கப்பட்டது. ஆலை மூடப்பட்டாலோ, ஆட்குறைப்பு நேர்ந்தாலோ, வேலைக்குத் தொடர்பற்ற காயத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத நிலையான ஊனம் ஏற்பட்டு வேலை போனாலோ, போதிய காலம் சந்தா கட்டியவர்க்கு அப்படி உண்டு. இங்கே மட்டும் பாருங்கள், இயலாமையும் இல்லாமையும் ஒரே வாயிலில் சந்திக்கின்றன. ஊனத்தால் வேலை போனதையும் வேலையின்மையாகவே ஏற்கும் விதி இது. சாலை விபத்தில் கால் இழந்து வேலையை விட்டு, இப்படியொரு உரிமை இருப்பதே தெரியாமல் வீட்டில் முடங்கியவர் நம்மிடையே இருத்தல் கூடும்.

அரசுப் பணியில் உள்ளோர்க்கு ஒரு சொல். பணிக்காலத்தில் உடற்குறை நேர்ந்தால் பணிநீக்கமோ தரக்குறைப்போ செய்தல் ஆகாது. அப்பணிக்கு ஏலாதவரானால் அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆவது பிரிவு. துப்புரவுப் பணியிலுள்ள நம் உறவினர் இதனை அறிந்திருத்தல் நலம். "உடம்பு சரியில்லை, எழுதிக் கொடுத்துவிட்டுப் போ" என்று யாரேனும் சொன்னால், எதிலும் கையொப்பமிடுவதற்கு முன் கழகத்துக்கு வாருங்கள்.

சொல்ல வேண்டிய குறை

திட்டங்களைப் புகழ்ந்து மட்டும் அமைவது நேர்மையாகாது. படி கல்விக்கேற்ப ஏறுகிறது. பட்டதாரிக்கு 1,000, பத்தாம் வகுப்பு வரை பயின்றவர்க்கு 600. இழப்பை எண்ணிப் பார்த்தால் முறை தலைகீழாக இருக்க வேண்டும். உடலையன்றி வேறு முதல் இல்லாதவனுக்கே உடல் கெடுவது பேரிழப்பு. அவனுக்கே உதவி குறைவு. இதனை அரசுக்கு எடுத்துச் சொல்வது நம் கடமை. சொல்லும் வரையில், நம் பிள்ளை எவரும் பள்ளியைப் பாதியில் விடாதபடி காப்பதும் நம் கடமை. பள்ளிச் சான்றிதழ் வேலைக்கு மட்டுமன்று, துன்பக் காலத்துக்கும் துணை என்பதை இக்கணக்கே காட்டுகிறது.

இன்னொரு குறை நம்முடையது. உதவி கேட்பதை இழிவாகக் கருதுவோர் நம்மில் உண்டு. தகுதியற்றிருந்தும் கேட்பதைத் திறமையாகக் கருதுவோரும் உண்டு. முன்னவர் தம் உரிமையை இழக்கின்றனர். பின்னவர் பிறர் உரிமையைக் கெடுக்கின்றனர். இரண்டும் வேண்டா.

மாற்றி எழுதிய கடிதம்

எம் மாணவரின் கதையை முடித்துவிடுகின்றோம். பழைய கடிதத்தைத் திரும்பப் பெற்றுக் கிழித்தோம். புதிதாக எழுதினோம்: "இவர் வலக் கையை இழந்தவர். இடக் கையால் தெளிவாக எழுதக் கூடியவர். கணக்கில் தேர்ந்தவர். பாரம் தூக்கும் பணி நீங்கலாக எழுத்துப் பணியும் விற்பனைப் பணியும் செய்ய வல்லவர். வேலை நாடி நிற்கிறார்." ஒவ்வொரு சொல்லும் மெய். அக்கடிதத்தோடு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, ஓராண்டு கழித்து மாதம் 750 ரூபாய் பெற்றார். அத்தொகையில் தட்டச்சும் கணிப்பொறியும் பயின்றார். நான்காம் ஆண்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான இட ஒதுக்கீட்டில் நியாயவிலைக் கடை ஒன்றில் விற்பனையாளரானார். பணியில் சேர்ந்த அன்றே, "எனக்கு வேலை கிடைத்துவிட்டது, உதவித்தொகையை நிறுத்திக்கொள்ளுங்கள்" என்று இடக் கையால் தாமே எழுதி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, அதன் படியை எம்மிடம் காட்ட வந்தார். எம் முப்பதாண்டுப் பணியில் மாணவர் காட்டிய விடைத்தாள்களுள் அதற்கே முழு மதிப்பெண் தருவோம்.

அவர் தேறினார். ஆனால் அவர் இழந்த ஓராண்டை எம்மால் திருப்பித் தர இயலவில்லை. கெடு கடந்துபோன ஆலை இழப்பீட்டையும் வாங்கித் தர இயலவில்லை. அக்கடன் எம்மிடம் இருக்கிறது. அதனைத் தீர்க்கவே இம்மேடையில் நிற்கின்றோம்.

ஆகவே கழகத்தாரிடம் மூன்று வேண்டுகோள் வைக்கின்றோம். ஒன்று, மாதத்தின் முதல் ஞாயிறன்று கழக நூலகத்தில் ஒரு மேசை இடுங்கள். படித்த இளைஞர் இருவர் அமர்ந்து மருத்துவச் சான்றிதழ், அடையாள அட்டை, பள்ளிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வேலைவாய்ப்புப் பதிவு ஆகியவற்றைச் சரிபார்த்து, எவர்க்கு எவ்வாயில் என்று சொல்லட்டும். தொகையும் விதியும் காலந்தோறும் மாறுவன. ஆண்டுதோறும் அலுவலகத்தில் கேட்டுக் குறித்து வைக்கட்டும். இரண்டு, விபத்து நேர்ந்த வீட்டுக்கு ஆறுதல் சொல்லச் செல்வோர், கெடு எதுவும் ஓடுகிறதா என்பதையும் கேட்டு வாருங்கள். மூன்று, எம் போன்ற ஆசிரியர்க்கும் ஊர்ப் பெரியவர்க்கும்: சான்றுக் கடிதம் எழுதும்போது இரக்கத்தை எழுதாதீர்கள், உண்மையை எழுதுங்கள். எது இயலாது என்பதோடு எது இயலும் என்பதையும் எழுதுங்கள்.

இயலாதவர்க்கு ஈவதும், இல்லாதவர்க்கு வேலை தேடித் தருவதும் அரசின் கடன். யார் இயலாதவர், யார் இல்லாதவர் என்று நம் மக்களைச் சரியாக அறிந்து சொல்வது நம் கடன். வெள்ளி விழாக் காணும் இக்கழகம் பொன்விழாக் காணும்போது, இரு வாயிலுக்கும் இடையே வழியறியாது நிற்கும் ஒரு பிள்ளையும் நம் ஊரில் இருத்தலாகாது என்று கூறி அமைகின்றோம்.